மணி அடித்தவர்களும் படலை காத்தவர்களும்
நம் கொன்வன்டின் கல்விசாரா ஊழியர் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

நூற்றாண்டு மலர் ஒன்றில் என்னென்ன இடம்பெறும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். முதலில் ஆசிச் செய்திகள். பிறகு ஆண்டு வரிசையில் அதிபர்களின் படங்கள். அடுத்து ஆசிரியர் பட்டியல், பரீட்சைப் பெறுபேறுகள், பல்கலைக்கழகம் புகுந்த மாணவியரின் பெயர்கள், வலைப்பந்தாட்ட அணியின் படம். கடைசிப் பக்கங்களில், விளம்பரங்களுக்குச் சற்று முன்னால், "கல்விசாரா ஊழியர்கள்" என்ற தலைப்பில் ஒரு குழுப்படம் இருக்கும். அதன் கீழே "இடமிருந்து வலமாக" என்று பெயர்கள் அச்சாகியிருந்தால் அது நல்ல மலர். பல மலர்களில் அந்த வரி இருப்பதில்லை.

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது, நமது பாடசாலையும் பெண்களின் சுகாதாரமும் பற்றிய ஒரு கட்டுரை. அந்தத் தலைப்பைப் பற்றி எண்ணிப் பார்க்கும்போது மனம் திரும்பத் திரும்பச் சென்றது அந்தக் கடைசிப் பக்கத்துக் குழுப்படத்துக்குத்தான். நம் பாடசாலையில் ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் நோயின்றிப் படித்து வெளியேறினார்கள் என்றால், அதற்குக் கிணற்று நீரும் மலசலகூடமும் குசினியும் படலையும் காரணம். அவற்றைக் கையில் வைத்திருந்தவர்களே அந்தப் படத்தில் நிற்பவர்கள். எனவே குழுவினரின் அனுமதியோடு தலைப்பைச் சற்று மாற்றிக்கொண்டேன்.

சொற்கள் சொல்லும் வரலாறு

நமது பாடசாலையில் நாம் தினமும் வாயில் எடுத்த சில சொற்களைக் கவனியுங்கள். பியோன், ஆயா, குசினி, சாவி, அலுமாரி, மேசை, சப்பாத்து. இவை அனைத்தும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. 'பியோன்' என்பதன் மூலச்சொல் போர்த்துக்கேய மொழியில் காலாட்படை வீரனையும் கால்நடையாகச் செல்லும் ஏவலாளையும் குறித்தது. 'ஆயா' என்ற சொல் பிள்ளைகளைப் பராமரிக்கும் பெண்ணைக் குறித்தது. போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628 ஆம் ஆண்டு. பத்தே ஆண்டுகளில், 1638 இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டையை இழந்த பிறகும் அவர்களுடைய வீட்டுச் சொற்கள் நம் கரையோரத்தில் தங்கிவிட்டன.

இதில் ஓர் உண்மை தெரிகிறது. பாடசாலை என்ற நிறுவனத்தில் கற்பிப்போருக்கு 'ஆசிரியர்', 'அதிபர்' என்று நம் மொழியே மதிப்பான பெயர்களைத் தந்தது. துணைநின்றோரை நாம் நானூறு ஆண்டுகளாக ஒரு படைமுகாமின் ஏவற்சொல்லால் அழைத்து வருகிறோம். அரசாங்கம் 'சிற்றூழியர்' என்றது. பின்னர் சிங்களத்தின் வழியே 'கே.கே.எஸ்.' என்ற மூன்றெழுத்து வந்தது. 'அலுவலக உதவியாளர்' என்று கடிதத்தில் எழுதுகிறார்கள். மாணவியர் மட்டும் இவை எதையும் பயன்படுத்தவில்லை. நமக்கு அவர்கள் 'மணி ஐயா', 'கேட் அப்பா', 'குசினி அக்கா', 'ஆயாம்மா'. வேலையையும் உறவையும் சேர்த்து நாம் கொடுத்த அந்தப் பெயர்களே அவர்கள் காதில் விழுந்த நல்ல பெயர்கள்.

கன்னியர் மடத்துக்குள் இருந்த பிரிவு

அப்போஸ்தலிக்க கார்மேல் சபையை நிறுவிய மதர் வெரோனிக்கா, 1823 இல் கொன்ஸ்தாந்திநோபிளில் ஓர் அங்கிலிக்கன் குருவானவரின் மகளாகப் பிறந்தவர். 1868 இல் பிரான்சின் பயோன் நகரில் அச்சபைக்கு வித்திட்டார். 1870 இல் முதற் கன்னியர் மங்களூரில் வந்திறங்கினார்கள். 1922 இல் அச்சபை இலங்கைக்கு வந்தது. திருகோணமலை புனித மரியாள், மட்டக்களப்பு புனித சிசிலியா, கல்முனை கார்மேல் பற்றிமா என்று கிழக்கின் பல பாடசாலைகளில் அவர்களின் கைபட்டது. நமது பெற்றோரும் பாட்டிமாரும் 'கொன்வன்ட்' என்று சொல்லும்போது மனத்தில் வைத்திருந்தது இந்தப் பாடசாலைகளைத்தான்.

ஐரோப்பியத் துறவற மரபில், கார்மேல் மரபு உட்பட, நீண்ட காலமாக இரண்டு வகைச் சகோதரிகள் இருந்தார்கள். ஒரு பிரிவினர் கல்வி கற்றவர்கள். இலத்தீன் மொழியில் சங்கீதங்களை ஓதும் பொறுப்பு அவர்களுடையது. மற்றப் பிரிவினர் சமையல், துவைத்தல், தோட்டம், வாயில் காத்தல் ஆகியவற்றைச் செய்தார்கள். அணிந்த முக்காட்டின் நிறமே பல மடங்களில் வேறாக இருந்தது. மடத்தின் தேர்தல்களில் இரண்டாம் பிரிவினருக்கு வாக்குரிமை இருக்கவில்லை. 1965 ஒக்டோபர் 28 ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவற வாழ்வின் புதுப்பித்தல் பற்றி வெளியிட்ட ஆணை, பெண் துறவியரிடையே இந்த வகுப்பு வேறுபாட்டை நீக்கி எல்லோரையும் ஒரே வகையினராக்கும்படி கூறியது.

ஒரு முஸ்லிம் பெண்ணான எனக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். படிப்பவர்கள் மேலே, பானை கழுவுபவர்கள் கீழே என்ற பிரிவு இறைவனுக்காக எல்லாவற்றையும் துறந்தவர்கள் நடுவிலும் இருந்தது. அது தவறு என்று அவர்களே உணர்ந்து எழுத்தில் மாற்றினார்கள். மடத்துக்குள் மாற்ற முடிந்தது பாடசாலைக்குள்ளும் மாறவேண்டியதுதானே என்பதே என் அக்கறை. உழைப்பவரின் கண்ணியம் பற்றி எங்கள் மார்க்கமும் சிஸ்டர்மாரின் மார்க்கமும் வேறு வேறாகப் பேசவில்லை.

சம்பளப் புத்தகம் மாறிய ஆண்டுகள்

இலங்கையில் இலவசக் கல்வி 1945 ஒக்டோபர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் பெயரை நாம் நன்றியோடு சொல்கிறோம். வகுப்பறைக் கட்டணம் போயிற்று. ஆனால் விடுதியில் தங்கும் பிள்ளைக்குச் சோறு இலவசமாக வரவில்லை. போர்டிங் கட்டணத்தை நெல்லாகவும் தேங்காயாகவும் கொண்டுவந்து கொடுத்த பெற்றோர் பற்றி மூத்த பழைய மாணவியர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த நெல்லைக் குத்திப் புடைத்து, அந்தத் தேங்காயைத் துருவிப் பிழிந்தவர்களின் கூலி விடுதியின் வரவுசெலவுக்குள் அடங்கியது.

அக்காலத்தில் மிஷன் பாடசாலைகள் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளாக இருந்தன. ஆசிரியர்களின் சம்பளத்தை அரசாங்கம் கொடுத்தது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் இப்பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசின் கைக்கு மாற்றின. கத்தோலிக்கப் பெற்றோர் பல ஊர்களில் பாடசாலைக் கட்டடங்களுக்குள் புகுந்து இருந்து எதிர்ப்புக் காட்டினார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிரேசியஸ் வந்து பேசிய பின் அந்த எதிர்ப்பு ஓய்ந்தது. இந்த வரலாற்றை எழுதுவோர் ஆயரைப் பற்றியும் அமைச்சரைப் பற்றியும் எழுதுவார்கள். ஆசிரியர் நிலை பற்றி எழுதுவார்கள். வாயிற்காவலரின் நிலை பற்றி ஒரு வரி இருக்காது.

ஆசிரியரைப் பொறுத்தவரை அந்த மாற்றம் சம்பளம் தரும் கை மாறாத மாற்றம். மடத்தின் பணத்தில் வாழ்ந்த ஊழியருக்கோ அது வாழ்வைப் பிரித்த மாற்றம். அன்றிலிருந்து கிழக்கின் கொன்வன்ட் பாடசாலைகளில் மூன்று வகை ஊழியர் உருவானார்கள். அரசாங்கத்தின் சிற்றூழியராக நியமனம் பெற்றவர்களுக்கு நிரந்தரச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. மடத்திலும் விடுதியிலும் வேலை செய்தவர்களுக்கு உணவும் இருப்பிடமும் ஒரு மாதக் கூலியும் உண்டு. பின்னாளில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் சந்தாப் பணத்தில் அமர்த்திய துப்புரவுத் தொழிலாளர், இரவுக் காவலாளிகள் மூன்றாம் வகை. சந்தா வந்தால் சம்பளம், இல்லையேல் அடுத்த மாதம். ஒரே மணிச்சத்தத்துக்கு வேலை தொடங்கிய இந்த மூவரும் அறுபது வயதில் மூன்று வேறு முதுமைகளுக்குள் போனார்கள். கட்டுரையின் முடிவில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

அரசாங்கத்தின் ஒவ்வொரு நல்ல திட்டமும் முதலில் இறங்கியது இவர்களின் தோளில்தான் என்பதையும் குறிப்பிட வேண்டும். மதிய உணவாகப் பாலும் பணிசும் வந்த காலத்தில் பால்மாவைக் கரைத்துக் காய்ச்சியவர்கள் இவர்கள். 1980 இல் இலவசப் பாடநூல்கள் வந்தன. 1993 இல் இலவசச் சீருடைத் துணி வந்தது. கோட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து கட்டுக்கட்டாக ஏற்றி இறக்கி, கறையான் ஏறாத அறையில் அடுக்கி, வகுப்பு வகுப்பாக எண்ணிக் கொடுத்தவர்கள் இவர்கள். புதுப் புத்தக வாசம் நமக்கு நினைவிருக்கிறது. அந்தக் கட்டின் சணல்கயிற்றை அவிழ்த்த கையும் நினைவிருக்க வேண்டும்.

ஒரு நாள் எப்படி நடந்தது

தொண்ணூறுகளில் நான் படித்த காலத்தை வைத்துக்கொண்டு ஒரு நாளை எழுதுகிறேன். உங்கள் காலம் வேறாயிருந்தால் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், வேலை மாறியிராது.

சுபஹு தொழுகைக்குப் பாங்கு கேட்கும் நேரத்தில் குசினியில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். தென்னம்பாளை, பன்னாடை, தென்னமட்டை, பிறகு விறகு. பிட்டு அவியும்போதே பகலுக்கான அரிசியில் கல் பொறுக்கப்படும். ஆறு மணிக்குக் காவலாளி சாவிக்கொத்தோடு வகுப்பறைகளைத் திறந்து வருவார். எந்தக் கதவின் பூட்டு உப்புக்காற்றில் இறுகியிருக்கிறது, எதற்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். மணல் முற்றம் ஈர்க்கில் விளக்குமாற்றால் கூட்டப்பட்டு, நாம் வரும்போது வரிவரியாகக் கிடக்கும். அந்த வரிகளை முதலில் மிதிப்பது யார் என்று நமக்குள் ஒரு போட்டி இருந்தது.

ஏழரைக்கு மணி. நம் கரையோரப் பாடசாலைகள் பலவற்றில் மணி என்பது கயிற்றில் தொங்கிய தண்டவாளத் துண்டு ஒன்று. 1928 இல் மட்டக்களப்பு வரை வந்த ரயில் பாதை கல்முனைக்கு வரவே இல்லை. பாதை வராத ஊருக்குத் தண்டவாளத் துண்டு மட்டும் வந்து சேர்ந்து, தலைமுறை தலைமுறையாக எங்களுக்கு நேரம் சொன்னது. நாற்பது நிமிடத்துக்கொரு பாடம், எட்டுப் பாடங்கள், நடுவில் இடைவேளை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கும் மேல் அந்த மனிதர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்திருக்க வேண்டும். இடையில் வங்கிக்கும் தபாற்கந்தோருக்கும் போய்வர வேண்டும். சுற்றறிக்கைப் புத்தகத்தை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய் ஒவ்வொரு டீச்சரிடமும் கையொப்பம் வாங்க வேண்டும். எந்த டீச்சர் பாடம் நடத்தும்போது குறுக்கே போகக்கூடாது, யாரிடம் முதலில் போகலாம் என்பதெல்லாம் எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதப்படாத அறிவு.

ஆய்வுகூட உதவியாளரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உயர்தர விலங்கியல் செய்முறைக்குக் கரப்பானும் தேரையும் வேண்டும் என்று டீச்சர் ஒரு வாரம் முன்னதாகச் சொல்வார். அவற்றை எங்கிருந்தோ பிடித்து, மூடியில் துளையிட்ட போத்தலில் கொண்டுவந்து வைப்பவர் இவர். கத்தரிக்கோலின் கூரான முனை எப்போதும் மேல்நோக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளுறுப்பு வெட்டுப்படாது என்பதை எங்கள் மேசையில் முதலில் சொன்னவர் அவர்தான். சாதாரண தரத்துக்கு மேல் அவர் படிக்கவில்லை. மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கூடத்தில் பேராசிரியர் அதே அறிவுரையைச் சொன்னபோது, அது எனக்குப் பழகிய பாடமாக இருந்தது.

பகல் ஒன்றரைக்குப் பாடசாலை கலையும். நமக்கு முடிந்த நாள் அவர்களுக்கு அங்கேதான் பாதியாகிறது. கக்கூஸ் கழுவுவது, குப்பை எரிப்பது, தண்ணீர்த் தாங்கிக்கு இறைப்பது, கரும்பலகைகளைத் துடைப்பது எல்லாம் பிள்ளைகள் போன பிறகு செய்யவேண்டியவை. செய்து முடித்த வேலையின் தடயம் எதுவும் மிஞ்சாது. செய்யாவிட்டால் மட்டும் தெரியும் வேலை அது.

ஆயாம்மாவின் அலுமாரி

பெண்கள் பாடசாலைக்கு மட்டுமே உரிய ஒரு பணி இருந்தது. எந்தக் கடமைப் பட்டியலிலும் அது இல்லை. பாடசாலையில் வைத்துப் பெரியபிள்ளையாகும் ஒரு பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்த நிமிடத்தில் தேவைப்படுவது டீச்சரும் அல்ல, சிஸ்டரும் அல்ல. பயந்துபோய் வெளியே வர மறுக்கும் அந்தப் பிள்ளையிடம் ஆயாம்மா போவார். "ஒண்டுமில்ல மனே, எல்லாப் பொம்பிளப் பிள்ளைக்கும் வாறதுதான்" என்பார். அவருடைய சிறிய அலுமாரியில் துவைத்து மடித்த பழைய வெள்ளைத் துணிகளும் ஊசியும் சட்டைப்பின்னும் ஒரு மாற்றுப் பாவாடையும் எப்போதும் இருக்கும். பிள்ளையைத் துடைத்து, உடுத்தி, வீட்டுக்கு ஆள் அனுப்பி, உம்மா வரும்வரை பக்கத்தில் இருப்பார். தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் வீட்டில் நடக்கப்போகும் சடங்குகள் வேறு வேறு. அந்த முதல் அரைமணி நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பருவமடைந்த பெண்பிள்ளைகள் பாடசாலையை விட்டு நிற்பதற்கும் பாடசாலையின் மலசலகூட வசதிக்கும் உள்ள தொடர்பு பற்றி இன்று உலகம் முழுவதும் பேசப்படுகிறது. தண்ணீர், பூட்டக்கூடிய கதவு, துணி மாற்ற ஓர் இடம், வெட்கப்படாமல் கேட்கக்கூடிய ஒரு பெண் ஆகிய நான்கும் அவசியம் என்கிறார்கள். கருத்தரங்குகளில் அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த அலுமாரிதான் கண்ணில் நிற்கும். எங்கள் ஊர்களில் ஒரு காலத்தில் வயதுக்கு வந்த பெண்பிள்ளையின் படிப்பு அத்தோடு நின்றுபோனது. அந்த வழக்கத்தை உடைத்ததில் வாப்பாமாரின் துணிவுக்கும் சிஸ்டர்மாரின் கண்டிப்புக்கும் பங்குண்டு. "கொன்வன்டுல பிள்ளய நம்பி விடலாம்" என்று உம்மாமார் சொன்னதற்குப் பின்னால் இருந்தவர் ஆயாம்மா.

படலையின் இரு பக்கமும்

கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நற்பிட்டிமுனை, பாண்டிருப்பு, காரைதீவு ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று தோளுரசி நிற்கும் ஊர்கள். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று வெளியூரார் கண்டுபிடிக்க முடியாது. கல்விக்காக இந்த எல்லைகளைக் கடப்பதும் பழைய வழக்கம். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் பின் மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மைக்கேல் கல்லூரியிலும் படித்தார். அந்த வரிசையில்தான் நம் கொன்வன்டுக்கு முஸ்லிம் பிள்ளைகளும் வந்தார்கள்.

குசினி இந்தச் சேர்க்கையை அமைதியாக நடத்தியது. விடுதிக்கு இறைச்சி முஸ்லிம் கடையிலிருந்தே வந்தது. எனவே ஒரே சட்டியில் எல்லோரும் சாப்பிட முடிந்தது. நோன்பு மாதத்தில் தூர ஊர்ப் பிள்ளைகள் விடுதியில் இருந்தால் குசினி அக்கா சஹருக்கு எழுப்பிச் சோறு போடுவார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அவர் இறைச்சி தொடமாட்டார். நோன்பு பற்றி அவருக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

1990 ஜூன் மாதம் மீண்டும் யுத்தம் தொடங்கியது. அந்த ஆண்டில் நம் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பட்ட இழப்புகளை இங்கே எடை போட்டுப் பார்க்க நான் விரும்பவில்லை. இரு பக்கத்திலும் ஆளை இழக்காத தெரு இல்லை. அப்போது நான் ஆறாம் வகுப்பு. மாதக்கணக்கில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகவில்லை. சிலர் நிரந்தரமாக வேறு பாடசாலைக்கு மாறினார்கள். திரும்பிப் போன சிலரில் நானும் ஒருத்தி.

அதற்குப் பிந்திய ஆண்டுகளில் திடீர்க் கடையடைப்புகள் சாதாரணமாயின. காலை பத்து மணிக்கு எங்கோ ஒரு வெடிச்சத்தம் கேட்கும். பத்தேகாலுக்குக் கடைத்தெரு வெறிச்சோடிப் போகும். அப்படியான நேரத்தில் கேட் அப்பா செய்யும் முதல் வேலை, பெரிய படலையைப் பூட்டிவிட்டுச் சின்னப் படலையில் நிற்பது. இரண்டாவது, முஸ்லிம் பிள்ளைகளின் தலைகளை எண்ணுவது. எங்களை ஒரே அறையில் இருத்திவிட்டு, வாப்பாமாரோ காக்காமாரோ வரக்கூடிய இடம்வரை அவரே முன்னால் நடந்து கூட்டிப்போவார். "வரிசையா வாங்கோ, ஓடாதேங்கோ" என்பதைத் தவிர அவர் அதிகம் பேசமாட்டார். அவர் தமிழர். அந்தப் பக்கம் அவருக்கு ஆபத்து. திரும்பி வரும்போது இந்தப் பக்கமும் கேள்வி கேட்பார்கள். எங்களை ஒப்படைத்துவிட்டுத் தனியாகத் திரும்பி நடப்பார். இந்த வேலைக்கு அவருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கிடையாது. கல்முனையில் இரு சமூகத்துக்கும் இடையில் நம்பிக்கை அடியோடு அறுந்துபோகவில்லை என்றால், சமாதானக் குழுக்களின் தீர்மானங்களோடு இப்படியான சில நூறு மீற்றர் நடைகளையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

சூறாவளியும் கடலும்

1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தைப் பெயர்த்துப் போட்டது. நாட்டில் தொள்ளாயிரம் பேரளவில் இறந்தார்கள். தென்னந்தோப்புகள் முறிந்து கிடந்தன. ஓடில்லாத கூரையின் கீழ் பாடசாலைகள் மீண்டும் தொடங்கின. நனைந்த இடாப்புகளை வெயிலில் விரித்துக் காயவைத்து, விழுந்த மரங்களை வெட்டி அகற்றி, உடைந்த வாங்குகளைப் பொருத்தியவர்கள் யார் என்பதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. இலங்கையில் மிக அதிகமானோர் இறந்த மாவட்டம் அம்பாறை; 10,000 இற்கும் மேற்பட்டோர். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு வரை கரையோர வீதிகளே இல்லாமற் போயின. பாடசாலை விடுமுறைக் காலம் அது. தப்பியவர்கள் உயரமான கட்டடங்களைத் தேடி ஓடினார்கள், பாடசாலைகள் முகாம்களாயின. சாவி வைத்திருந்தவர்கள் வந்து கதவைத் திறந்தார்கள். அவர்களில் சிலர் அன்று காலை தங்கள் வீட்டையும் வீட்டாரையும் இழந்தவர்கள்.

அப்போது நான் மருத்துவ பீட இறுதியாண்டு மாணவி. ஊருக்கு வந்து முகாம்களில் மருந்து கொடுக்கும் குழுக்களோடு நின்றேன். வயிற்றோட்டமும் வாந்திபேதியும் பரவி இன்னும் ஆயிரக்கணக்கானோர் இறக்கக்கூடும் என்ற அச்சம் எல்லோரிடமும் இருந்தது. இலங்கையில் அப்படிப் பெரிய தொற்றுநோய் எதுவும் ஏற்படவில்லை. அதற்காக மருத்துவர்களுக்கும் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் பாராட்டுகள் கிடைத்தன, தகுதியான பாராட்டுகள்தான். நாற்பது பிள்ளைகளுக்கெனக் கட்டிய ஒரு மலசலகூடத்தை நானூறு பேர் பயன்படுத்தும்போது, ஒரு நாளைக்கு நாலு தடவை அதைக் கழுவிக் குளோரின் தெளித்தவர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் வரவில்லை. தொற்றுநோயியல் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வாளியும் தும்புத்தடியும் காப்பாற்றிய உயிர்கள் எங்கள் மருந்துப் பெட்டி காப்பாற்றியதைவிடக் குறைவல்ல. 2020 மார்ச் மாதம் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு, பின் கட்டம் கட்டமாகத் திறந்தபோதும் முதலில் உள்ளே அனுப்பப்பட்டவர்கள் இவர்களே.

தொழில்: ஒன்றுமில்லை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வயோதிபப் பெண் என் சிகிச்சை நிலையத்துக்கு வந்தார். நீண்ட நாள் இருமல். நாலு அடி நடந்தால் இளைப்பு. புகைப்பழக்கம் கிடையாது. என்ன தொழில் செய்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்டுமில்ல டொக்டர். சும்மா ஒரு பள்ளிக்கூடக் குசினியில நிண்டனான்" என்றார். எத்தனை வருடம் என்று கேட்டேன். முப்பத்தொன்று.

அவருக்கு இருந்தது நீண்டகால நுரையீரல் அடைப்பு நோய். சிகரட் குடிக்கும் ஆண்களின் நோய் என்று பொதுவாக நினைப்பார்கள். விறகடுப்புப் புகையும் அதே வேலையைச் செய்யும். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கும் பெண்ணுக்கே இது ஆபத்து என்றால், புகைபோக்கி சரியில்லாத கூடத்தில் நூறு பேருக்குச் சமைத்தவரின் நுரையீரல் எப்படியிருக்கும்?

அவருடைய 'ஒண்டுமில்ல' என்ற சொல்லில் இன்னொரு நோயும் இருக்கிறது. முப்பத்தொரு வருட உழைப்பின் முடிவில் அவரிடம் ஊழியர் சேமலாப நிதி இலக்கம் இல்லை. சேவைச் சான்றிதழும் இல்லை. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி சேமலாப நிதிக்குத் தொழில் கொடுப்பவர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், ஐந்து வருடம் வேலை செய்த மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கொடுக்கச் சொல்கிறது. ஆனால் பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களை அது கட்டுப்படுத்தாது. ஏழெட்டுப் பேர் மட்டும் வேலை செய்யும் சிறிய விடுதிகள் அந்த ஓட்டைக்குள் விழுந்துவிடுகின்றன. அபிவிருத்திச் சங்கங்கள் அமர்த்தும் தற்காலிகத் தொழிலாளருக்கு இந்தச் சட்டங்களின் பெயரே பல இடங்களில் தெரியாது. கெட்ட மனம் யாருக்கும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் 'ஏனைய செலவுகள்' என்ற நிரலில் ஒரு மனிதரை எழுதிவிட்டால் இப்படித்தான் முடியும்.

சங்கம் செய்யக்கூடியவை

நூற்றாண்டு விழாவுக்கு மண்டபம் வேண்டும், சிலை வேண்டும், நுழைவாயில் வளைவு வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு ஐந்து சிறிய வேலைகளையும் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒரு பெயர்ப் பதிவேடு. சம்பவத் திரட்டுப் புத்தகங்கள், பழைய சம்பளப் பட்டியல்கள், விடுதிக் கணக்குகள், பழைய மாணவியரின் குழுப்படங்கள் ஆகியவற்றிலிருந்து இதுவரை பணியாற்றிய எல்லாக் கல்விசாரா ஊழியரின் பெயர், ஊர், வேலை, பணியாற்றிய ஆண்டுகளைத் தொகுக்க வேண்டும். அதிபர்களின் பெயர்ப்பலகை தொங்கும் அதே சுவரில் அதையும் தொங்கவிட வேண்டும்.

இரண்டாவது, உயிரோடு இருக்கும் மூத்த ஊழியர்களின் வாய்மொழியைப் பதிவு செய்ய வேண்டும். கையில் உள்ள தொலைபேசியே போதும். உயர்தர வரலாறு படிக்கும் மாணவியரிடம் இதை ஒப்படைக்கலாம். இவர்களில் பலருக்கு எழுபது கடந்துவிட்டது. அடுத்த நூற்றாண்டு விழா வரை காத்திருக்க அவர்களால் முடியாது.

மூன்றாவது, தற்போது சங்கப் பணத்திலும் விடுதிப் பணத்திலும் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதமும் சேமலாப நிதிப் பதிவும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நம்மில் சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை காலை போதும்.

நான்காவது, வருடத்துக்கொரு மருத்துவப் பரிசோதனை. இரத்த அழுத்தம், சீனி, கண், நுரையீரல், முதுகு. இதற்கு மருத்துவர்களை ஒழுங்கு செய்யும் பொறுப்பை நான் ஏற்கிறேன். குசினிக்கு நல்ல புகைபோக்கி அல்லது எரிவாயு அடுப்பும், துப்புரவுத் தொழிலாளருக்குக் கையுறையும் பூட்சும் இதில் அடங்கும். மலசலகூடம் கழுவும்போது வெளிற்றும் தூளையும் அமிலத் திரவத்தையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. குளோரின் வாயு வெளிவந்து மூச்சை அடைக்கும். இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஐந்தாவது, இம்மலரின் கடைசிப் பக்கத்துக் குழுப்படத்தின் கீழ், இடமிருந்து வலமாக, எல்லோருடைய முழுப் பெயரும் அச்சாக வேண்டும். இந்தக் கோரிக்கையை மலர்க்குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது. பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த முகம் ஒன்று அங்கே இருந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீடு தேடிப் போய்ச் சுகம் விசாரியுங்கள். பெருநாளென்றால் ஒரு சேலையோ சாரமோ கொண்டுபோங்கள், நத்தாரென்றாலும் அப்படியே. அவர்கள் உங்களை உடனே அடையாளம் காண்பார்கள். எந்த வருடம், எந்த வகுப்பு, வாப்பா எந்தக் கடை, எந்த டீச்சரிடம் அடி வாங்கினீர்கள் என்பது வரை அவர்களுக்கு நினைவிருக்கும்.